லியோ அண்ணையும் ஏஜிசி பெட்டியும்

1. திங்கட்கிழமை காலை

லியோ அண்ணை வானொலி நிலையக் கட்டுப்பாட்டு அறைக்குள் வருவதில்லை. நடிகர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலி பதிகிற நாங்கள் இந்தப் பக்கம் என்பது அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. அந்தத் திங்கட்கிழமை காலை அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். துறைமுக வேலைக்குப் போகிற வெள்ளைச் சட்டை, கையில் மடக்கிய குடை. மழையில் ஒரு பக்கத் தோள் நனைந்திருந்தது.

"தங்கச்சி, நேற்று நாடகம் போகேக்க நீங்கதானே டியூட்டி?"

"ஓம் அண்ணை."

"கேட்டனீங்களா?"

"கேட்டனான்."

"அது என்ர குரல் இல்லை."

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் ஒலிபரப்பின்போது எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது.

"மகளின்ர தலைமாட்டில இருந்து கதைக்கிற காட்சி. நான் எப்பிடிக் கதைச்சனான் எண்டு உங்களுக்குத் தெரியும், நீங்கதான் பதிஞ்சது. ரேடியோவில வந்தது என்ன? சந்தையில நிண்டு மீன் விலை கேக்கிறமாதிரி. அடுத்த காட்சியில தம்பியோட சண்டை பிடிச்சுக் கத்துறன். அதுவும் அதே சத்தம். கத்தினதும் காதுக்குள்ள கதைச்சதும் ஒரே அளவில வந்தால், நான் என்னத்துக்கு நடிக்கிறது?"

நான் எழுந்து, அறையின் மூலையில் நின்ற இரும்பு அடுக்கைக் காட்டினேன். மற்ற உபகரணங்களோடு புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி பொருத்திப் பூட்டப்பட்டிருந்தது. முகப்பில் சில குமிழ்கள், நடுவில் ஒரு சின்ன மீற்றர்.

"இதாலதான் அண்ணை. போன கிழமை பூட்டினவை."

அவர் குனிந்து அதைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் பேசாததால் மீற்றரின் ஊசி படுத்துக் கிடந்தது.

அந்தப் பெட்டியின் பெயர் ஒட்டோமெட்டிக் கெயின் கன்ட்ரோல். நாங்கள் ஏஜிசி என்போம். இன்றைக்குக் கைத்தொலைபேசியில்கூட அது இருக்கிறது, ஆனால் எல்லோரும் கவனிப்பதில்லை. அது செய்கிற வேலை இவ்வளவுதான்: உள்ளே வருகிற குரல் தாழ்ந்தால் தானாகவே கூட்டிவிடும், உயர்ந்தால் தானாகவே குறைத்துவிடும். ஒருவர் முணுமுணுத்தாலும் கூக்குரலிட்டாலும் வெளியே போகிற அளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். எவ்வளவு வேகமாகக் குறைக்க வேண்டும் என்பதற்கு அட்டாக் என்று ஒரு குமிழ். குறைத்ததை எவ்வளவு மெதுவாகத் திரும்ப உயர்த்த வேண்டும் என்பதற்கு ரிலீஸ் என்று இன்னொன்று. அது வரும்வரை, உயர்கிற குரலைக் குறைக்கிற வேலையை நாங்கள் கையால் செய்தோம். கண் பிரதியில் இருக்கும், விரல் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரில் இருக்கும். நடிகர் கத்தப் போகிறார் என்று தெரிந்தால் அதற்கு முன்னமே விரல் கொஞ்சம் கீழே இறங்கிவிடும்.

இதையெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இதுக்கு எது கோபம், எது பாசம் எண்டு தெரியாது."

"தெரியாது அண்ணை. சத்தம் மட்டும்தான் தெரியும்."

அவர் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

2. மைக்குக்கும் அவருக்கும் இடையில்

லியோ அண்ணை துறைமுகத்தில் சரக்குகளைச் சரிபார்க்கும் கிளார்க். பிறந்தது, வளர்ந்தது, கலியாணம் கட்டியது எல்லாம் கொழும்பின் கொட்டாஞ்சேனை. கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் போடுகிற, இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தில் நடிக்கத் தொடங்கி, யாரோ கைபிடித்துக் கூட்டிவர வானொலிக்கு வந்தவர். நான் வேலைக்குச் சேரும்போதே அவர் அங்கே மூத்த நடிகர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்த எனக்கு, அந்தக் கட்டடத்தில் முதன்முதலாகச் சாப்பிட்டீங்களா என்று கேட்டவரும் அவர்தான்.

அந்தக் காலத்தில் ஞாயிறு பிற்பகலில் ஒரு தொடர் நாடகம் போனது. அதில் அவர் ஒரு சின்னப் புகையிரத நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி இல்லை, படுக்கையில் கிடக்கிற மகள் ஒருத்தி. கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் மகளோடு கதைக்கிற இடங்களுக்காகத்தான் சனம் கேட்டது.

அதை அவர் செய்த விதத்தை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். சண்டைக் காட்சி வந்தால் ஒரு எட்டுப் பின்னால் போய், முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். மகளோடு கதைக்கும்போது மைக்கை நெருங்கி, உதடு முட்டிவிடுமோ என்கிற அளவுக்கு வந்து, மூச்சை அடக்கிக் கதைப்பார். மீற்றர் ஊசி அசையவே அசையாது. புதிதாக வந்த ஒப்பரேற்றர்கள் மைக் பழுது என்று பதறுவார்கள். ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டால், நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்கிறார் போலிருக்கும்.

ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நடந்தால் வீட்டுக்கு வீடு அந்த நாடகம் கேட்கும். அவர் மகளோடு கதைக்கத் தொடங்கியதும் கோப்பை கழுவுகிற வீடுகளில் தண்ணீர்க் குழாயை மூடுவார்கள். கடற்கரைப் பக்கமாக ரயில் போய்விட்டால் எல்லோரும் அதைத் திட்டுவார்கள்.

3. சைக்கிள் சுற்றிக் கேட்டவர்கள்

பெட்டி ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வராமல் இருந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் அம்மா அப்போது யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தா. வீட்டை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம். அங்கே சண்டையால் மின்சாரம் நின்று வெகு காலம். பற்றரி கொண்டுபோகத் தடை. தொலைபேசி இல்லை. யாராவது படகில் கிளாலிக் கடலைக் கடந்து, சோதனைகளையெல்லாம் தாண்டிக் கொழும்புக்கு வந்தால்தான் சேதி வரும். அப்படி வந்தவர்தான் எங்கள் அயலவர் இராசையா அண்ணை. ஓய்வூதிய அலுவலாக வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். பார்க்கப் போனேன்.

"அம்மா சுகமாய் இருக்கிறா. உங்கட நாடகத்தை ஒரு ஞாயிறும் விடமாட்டா" என்றார்.

"கரண்ட் இல்லாமல் எப்பிடிக் கேக்கிறா?"

"எங்கட சந்தியில குணத்தின்ர சைக்கிள் கடை இருக்கெல்லோ. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்துவான். டைனமோவில இருந்து ரேடியோவுக்கு வயர். ஒழுங்கைச் சனம் முழுக்க அங்கதான்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "நல்லாக் கேக்குதோ?" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "செய்தி கேக்கும். நாடகத்திலயும் மற்ற ஆக்கள் கதைக்கிறது கேக்கும். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மகளோட கதைக்கேக்க மட்டும் ஒண்டும் கேக்காது பிள்ளை. இரைச்சல்தான். ஆக்கள் குணத்தைப் பேசுவினம், வேகமாச் சுத்து எண்டு. அவனும் வேர்க்க வேர்க்கச் சுத்துவான். சுத்தி என்ன, அங்கயிருந்து வந்தால்தானே. பிறகு வீட்டை போற வழியில, அந்தாள் மகளிட்ட என்ன சொல்லியிருப்பார் எண்டு ஆளுக்கொரு கதை கட்டுவினம். அம்மாவும் ஒண்டு சொல்லுவா."

அடுத்த நாள் இதை எங்கள் பொறியியலாளர் ஜெமீல் சேரிடம் சொன்னேன். மருதானையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். யாரையும் அதட்டிப் பேசாத மனிதர்.

"நீங்க மட்டும் இல்ல மகள், மட்டக்களப்புல இருந்து வாறவங்களும் இதே பேச்சுத்தான். தூரத்துக்குப் போகப் போக மெல்லிய சத்தம் எல்லாம் இரைச்சலுக்குள்ள அமுங்கிப் போகுது. ஏஜிசி ஒண்டு கேட்டு எழுதிப் போட்டீக்கிறன். வந்தா எல்லாம் சரி."

வந்தது. பூட்டிய அன்று பிரதான கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்த சோமபால அழைத்து, "தென் லெவல் எக்க ஹரி, நங்கி" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். இப்போது ஒலியளவு சரி, தங்கச்சி என்று அவர் சிங்களத்தில் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் மீற்றரிலும் அவர் மீற்றரிலும் ஊசி அதற்கு முன் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

4. கென்டீனில்

லியோ அண்ணை வந்து போன அன்றே நான் ஜெமீல் சேரிடம் போனேன். லியோ அண்ணையின் காட்சிகளுக்கு மட்டும் பெட்டியை விலக்கிவிட்டுக் கையால் ஓட்டலாமா என்று கேட்டேன்.

"நீங்க கையால ஓட்டினா மெல்லிசாப் பேசுறது மெல்லிசாத்தானே போகும், மகள்? அப்ப உங்கட உம்மாக்கு எப்பிடிக் கேக்கும்?"

அவரே தொடர்ந்தார்.

"லியோவுட குரல் எனக்கும் விருப்பம். நான் கொழும்புல ஈக்கிறன், எனக்கு எப்பிடியும் கேக்கும். கேக்காத இடத்துக்குத்தானே இத வாங்கின."

ரிலீஸ் குமிழை மெதுவாக்கி வைத்துப் பார்த்தோம். பெட்டி உயர்த்தத் தொடங்கும் அளவை மாற்றிப் பார்த்தோம். ஏற்ற இறக்கம் கொஞ்சம் மிஞ்சுகிறபடி வைத்தால் பெட்டி வந்தும் வராதது போல்தான். இறுக்கி வைத்தால் லியோ அண்ணையின் காட்சியில் மைக்குக்கு முன்னால் காகிதம் புரட்டுகிற சத்தமும் அறையின் இரைச்சலும் எழும்பி வந்தன. இரண்டுக்கும் நடுவில் நல்ல இடம் ஒன்று இருக்கும் என்று அந்தக் கிழமை முழுக்கத் தேடினோம். அகப்படவில்லை.

அடுத்த பதிவுக்கு லியோ அண்ணை வந்தபோது கென்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிளேன்டீ சொல்லிவிட்டு, இராசையா அண்ணை சொன்னதை அப்படியே சொன்னேன். கவிழ்த்து வைத்த சைக்கிள், வேர்க்க வேர்க்கச் சுற்றுகிற குணம், ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சனம். என் அம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் தேநீரைத் தொடவில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் அவைக்கு அந்த இடங்கள் ஒண்டும் கேக்கேல்லையா?"

"இல்லையாம் அண்ணை."

"நான் எதுக்காக நாடகத்துக்கு வாறனோ, அது மட்டும் கேக்கேல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேக்காமலுமா ஒவ்வொரு ஞாயிறும் வருகினம்?"

"ஓம் அண்ணை. வருகினமாம்."

அவர், "இந்தப் பெட்டிக்கு நான் எப்பிடிக் கதைச்சால் நல்லது?" என்று கேட்டார்.

கேட்ட கேள்விக்கு நான் சரியான பதிலைச் சொன்னேன். மைக்கிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். குரலை ஒரே பலத்தில் வைத்திருக்க வேண்டும். பெட்டிக்கு எவ்வளவு குறைவாக வேலை கொடுக்கிறோமோ அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.

"காதுக்குள்ள கதைக்கிறமாதிரிக் கதைக்கக் கூடாது."

"கதைச்சால் பெட்டி அதைத் தூக்கி விட்டிடும். இரைச்சலும் சேர்ந்து வரும்."

"சரி" என்றார். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

அன்று கலையகத்துக்குள் போனதும் முதலுதவிப் பெட்டியிலிருந்தோ எங்கிருந்தோ ஒரு துண்டு பிளாஸ்டர் எடுத்து, மைக்குக்கு முன்னால் தரையில் ஒட்டினார். அதில் இரண்டு காலையும் வைத்து நின்றார். சண்டைக் காட்சியில் பின்னால் போகவில்லை. மகளின் காட்சியில் முன்னால் வரவில்லை. சொற்களை ஒவ்வொன்றாக, அழுத்தமாக, கடைசி எழுத்து விழாமல் சொன்னார். மகளாக நடித்த பெண் பாதியில் நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் "சொல்லு பிள்ளை, உன்ர வசனம்" என்றார்.

மீற்றர் ஊசி ஒரே இடத்தில் நின்றது. ஒரு ஒப்பரேற்றருக்கு அதைவிட நல்ல பதிவு கிடையாது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. ஸ்டேஷன் மாஸ்டருக்கு இடமாற்றம்

கொழும்பு நேயர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காது என்று எங்களுக்குத் தெரியும். லியோவுக்கு என்ன நடந்தது, பிரதியை வாசிக்கிறார், மனம் வைத்து நடிப்பதில்லை என்றெல்லாம் கடிதங்கள் வந்தன. பம்பலப்பிட்டியில் ஒரு புத்தகக் கடையில் அவரை அடையாளம் கண்ட ஒருவர், வயது போய்விட்டது, இனி இளையவர்களுக்கு விடுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். அதை அவரே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னார். சைக்கிள் கதையை அந்த ஆளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"கேக்கிற எல்லாருக்கும் நிண்டு விளக்கம் சொல்லுறதா, தங்கச்சி?"

நாடகத் தயாரிப்பாளர் சில மாதம் பார்த்தார். ஜெமீல் சேரும் நானும் அவரிடம் போய்க் கதைத்தோம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்தவை கொழும்புக் கடிதங்கள். வடக்கிலிருந்து ஒரு சேதியும் இல்லை. கடைசியில் கதையில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு மலைநாட்டுக்கு இடமாற்றம் கொடுத்து, மகளை ஒரு மாமியின் பொறுப்பில் விட்டார்.

"ஸ்டேஷன் மாஸ்டர் எண்டால் இடமாற்றம் வரத்தானே செய்யும்" என்றார் லியோ அண்ணை.

அதற்குப் பிறகு சின்னப் பாத்திரங்கள்தான் கிடைத்தன. தபால்காரர், கடைக்காரர், கதவைத் தட்டுகிற பொலிஸ்காரர். வந்து, பிளாஸ்டரில் நின்று, சொல்லிவிட்டுப் போவார். போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்து, இரண்டு கையாலும் பெடல் சுற்றுகிறது போல் காட்டுவார். சேதி ஏதும் வந்ததா என்று அர்த்தம். நான் இல்லையென்று தலையாட்டுவேன்.

இராசையா அண்ணை திரும்பிப் போனவர் பிறகு வரவில்லை. வெள்ளவத்தை லொட்ஜுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் போய் விசாரித்தேன். சிலர் வேறு ஊர்க்காரர். சிலருக்கு ரேடியோ கேட்கிற நிலைமையே இல்லை. "நாடகமோ பிள்ளை?" என்று ஒரு அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு சண்டை நெருங்கி, யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது. எங்கள் ஒழுங்கைச் சனமும் போனது. அம்மா தெற்கே வன்னிக்குப் போய்ச் சேர்ந்தா என்று மட்டும் அறிந்தேன். அங்கே காய்ச்சலில் காலமானா. அந்தச் சேதிகூட ஒரு மாதம் பிந்தித்தான் வந்தது. துக்கம் கேட்க லியோ அண்ணை வெள்ளவத்தைக்கு என் அறைக்கு வந்தார். எழும்பும்போது, "அம்மாவுக்குக் கேட்டிருக்கும், என்ன?" என்றார். கேட்டிருக்கும் அண்ணை என்றேன். எனக்கு அது தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த வருடம் ஒரு காலையில் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து அவர் இறந்தார். அடக்கத்துக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். சேமக்காலையில் அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஜெமீல் சேர் என்னிடம் கேட்டார்.

"அவருட பழைய ஸ்பூல் ஒண்டாவது ஈக்குதா மகள்? பெட்டி வாறதுக்கு முந்தியது?"

தேடினோம். இல்லை. அந்த நாட்களில் ஒலிநாடா தட்டுப்பாடு. ஒலிபரப்பான நாடகத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவோம். அலமாரியில் எஞ்சியிருந்தது பெட்டி வந்த பிறகு பதிந்த இரண்டு அங்கம். இரண்டும் மிகத் தெளிவாக இருந்தன.

6. குணம் சொன்னது

சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது வீட்டைப் பார்க்க யாழ்ப்பாணம் போனேன். கூரை இல்லை, சுவர்கள் நின்றன. பக்கத்து வீட்டார் திரும்பி வந்திருந்தார்கள். சந்தியில் குணம் மறுபடி கடை திறந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. நான் யார் என்று சொன்னதும் சைக்கிள் டியூப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ரேடியோவில வேலை செய்த பிள்ளை. அம்மா எப்பவும் உங்களைப் பற்றித்தான்."

கதை எங்கெங்கோ போய், நாடகத்துக்கு வந்தது. நான்தான் கேட்டேன்.

"அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மகளோட கதைக்கிறது கடைசி வரைக்கும் உங்களுக்குக் கேக்கவே இல்லையோ, குணம் அண்ணை?"

"முந்திக் கேக்கேல்ல. நான் சுத்திச் சுத்தித் தோள் விட்டுப்போகும். பிறகு ஒரு ஞாயிறு பாருங்கோ, திடீரெண்டு அந்தாளின்ர குரல் தண்ணி மாதிரி வருது. நான் சுத்துறதை நிப்பாட்டிப் போட்டன், அவ்வளவு அதிசயம். எல்லாரும் சுத்தடா சுத்தடா எண்டு கத்துகினம். பிறகு ஒரு சொல்லும் தவறேல்ல."

அப்படியே நிமிர்ந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உரத்த குரலில், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"ரயில் பிந்தி வந்தாலும், மகள், நான் விளக்கை அணைக்க மாட்டன்."

கடைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி அதே தொனியில், "வாறவைக்கு வழி தெரிய வேணுமெல்லோ" என்று முடித்துவிட்டுச் சிரித்தா.

அது லியோ அண்ணை பிளாஸ்டரில் நின்று சொன்ன வசனம். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னது.

"இடம்பெயர்ந்து நடக்கேக்க சனத்துக்குள்ள உங்கட அம்மாவை ஒரு இடத்தில கண்டன்" என்றார் குணம். "தண்ணிப் போத்தலும் கையுமா நடக்கிறா. களைச்சுப் போனா. என்னணை, ஏலுமோ எண்டு கேட்டன். ரயில் பிந்தி வந்தாலும் எண்டு சொல்லிச் சிரிச்சவ. நாங்கள் அங்க ஆரையும் காத்துக்கொண்டு நிண்டால் இதைத்தான் சொல்லுறது. ஒழுங்கையில எல்லாருக்கும் பாடம்."

நான் அவருக்கு ஒன்று சொல்ல முயன்றேன். அந்த மனிதர் உண்மையில் இப்படிக் கதைக்கிறவர் இல்லை, இந்த வசனத்தை அவர் தன் விருப்பப்படி சொல்லியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று தொடங்கினேன். எப்படி என்று குணம் கேட்டார். சொல்லிக் காட்டப் பார்த்தேன். மெதுவாகச் சொன்னேன், இன்னும் மெதுவாகச் சொன்னேன். அது வெறுமனே சத்தம் குறைந்த என் குரலாகத்தான் இருந்தது. குணம் மரியாதைக்காகத் தலையாட்டினார். அவர்களுக்கு லியோ அண்ணை என்றால் கையைப் பின்னால் கட்டி நிமிர்ந்து நின்று கதைக்கிற ஒரு மனிதர். அவரைத்தான் அவர்கள் நேசித்தார்கள்.

"ஆள் இப்ப எங்க?"

"மோசம் போயிட்டார் அண்ணை. செத்துக் கனகாலம்."

குணம் கீழே வைத்த டியூப்பைத் திரும்ப எடுத்தார். "நாங்கள் கேட்டம் எண்டு அவருக்குத் தெரியுமோ?" என்றார்.

"தெரியாது."

"ஒரு ஆளிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாம்" என்றார் அவர், தன்னிடமே சொல்வது போல. யாரிடம் சொல்லி விட்டிருப்பார்? அந்த நாட்களில் மனிதர்களே கடலைத் தாண்டி வந்து சேர்வார்களா என்று தெரியாது.

7. பிலோமினா அக்கா

கொழும்புக்குத் திரும்பியதும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். லியோ அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா அதே வீட்டில்தான் இருந்தா. மகன் மட்டக்குளியில், இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவானாம். யாழ்ப்பாணத்தில் கேட்டதையெல்லாம் சொன்னேன். அவ குறுக்கே பேசாமல் கேட்டா.

"அவர் இருக்கேக்க இது வந்திருந்தால்" என்று தொடங்கி நிறுத்திவிட்டா. பிறகு, "அவை எப்பிடிச் சொல்லுகினம்? சொல்லிக் காட்டுங்கோ" என்றா.

குணம் சொன்னது போல் நிமிர்ந்து உட்கார்ந்து உரத்த குரலில் சொல்லிக் காட்டினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தா.

"அது அச்சாய் அவர்தான்."

எனக்கு விளங்கவில்லை.

"வீட்டில அவர் அப்பிடித்தானே கதைக்கிறது, தங்கச்சி. ஹாபரில கிரேன் சத்தத்துக்குள்ள கத்திக் கத்திப் பழகினவர். ஒரு கிளாஸ் தண்ணி கேட்டால் அடுத்த வீட்டில இருந்து கொண்டு வருவினம்."

சிரிப்பு அடங்கியதும் அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"அந்த மெல்லிசாக் கதைக்கிற குரலை நானும் ரேடியோவிலதான் கேட்டனான். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில எனக்கு ஒருநாளும் அப்பிடிக் கதைச்சதில்லை. வெக்கமோ என்னவோ. ஞாயிறு பின்னேரம் அவர் பக்கத்தில கதிரையில இருப்பார். நான் ரேடியோவைப் பாத்துக்கொண்டு இருப்பன்."

வெளியே ஒரு மீன்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டு போனார். அக்கா அவர் போய் முடியும்வரை காத்திருந்தா.

"பிறகு அந்தப் பெட்டி வந்தது. அதோட அதுவும் இல்லை" என்றா.

குறையாக அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னா. எனக்குத் தேநீர் போட எழுந்து உள்ளே போனா.

பெட்டியைப் பூட்டியது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். பூட்டாமல் விட்டிருந்தால் என் அம்மா அந்த வசனத்தைக் கேட்டிருக்கமாட்டா. ஆனால் இந்த வேலையில் நான் கற்றது ஒன்று உண்டு. ஒலியைச் சமப்படுத்தும்போது யாரோ ஒருவருக்குக் கிடைக்கிறது, அதே நேரத்தில் வேறொருவரிடமிருந்து போகிறது. கிடைப்பவர்களை நமக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் குமிழைத் திருப்புகிறோம். இழப்பவர்கள் வந்து சொல்வதில்லை.

அதனால், என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகள் ஏஜிசியை எந்த அளவில் வைப்பது என்று கேட்டால், இலக்கம் சொல்வதற்கு முன், அதை அணைத்துவிட்டு, கதைக்கிற ஆளின் குரலை ஒருமுறை முழுக்கக் கேட்கச் சொல்வேன். அதன் ஒரு பிரதியைப் பெட்டி தொடாமல் அப்படியே எடுத்து வைக்கச் சொல்வேன். இப்போது நாடாத் தட்டுப்பாடு இல்லை, அழிக்க வேண்டிய தேவையும் இல்லை. பிறகு பெட்டியைப் போடுங்கள் என்பேன். தூரத்தில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும்.